அருகாமைக்கு யார் சாட்சி?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புரவை நோக்கி ஏறும் சாலை நக்கிள்ஸ் மலைத்தொடரின் உயரத்தைத் தொடும் பகுதிக்கு ரிவர்ஸ்டன் என்று பெயர். காற்று ஆளைத் தள்ளும் வேகத்தில் வீசுவதும், மேகம் சாலையிலேயே இறங்கி நிற்பதும், பத்தடிக்கு அப்பால் தெரியும் உருவம் மரக்கட்டையா மனிதரா என்று சொல்ல முடியாமற்போவதும் அங்கே வழக்கம். அறிவு எந்த வழிகளில் உண்டாகிறது, அதை எப்போது நம்பலாம் என்று ஆராயும் இந்திய அளவை நூல்கள், ஐயத்துக்கு எடுத்துக்காட்டாகக் கட்டையையும் மனிதரையுமே காட்டிவந்தன. மூடுபனியைப் புகை என்று கொண்டு அங்கே நெருப்பு இருப்பதாக முடிவுசெய்வதைப் பிழையான அனுமானத்துக்குக் காட்டின. இவ்விரண்டும் ஒருசேர நிகழக்கூடிய இந்த மலையின் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. கண்ணை மறைக்கும் மூடுபனி வானொலி அலையை மறைப்பதில்லை. ஆயினும், அலை வழியாக வந்த ஒன்று யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விக்கு அலைக்குள்ளேயே விடை இல்லை; கோபுரத்துக்கும் மலையடிவார ஊருக்கும் இடையில் மட்டுமன்றி, ஒரு சாண் இடைவெளியில் வைக்கப்பட்ட இரு கைபேசிகளுக்கு இடையிலும் இந்தக் குறை அப்படியே இருக்கிறது.

மலைமடிப்புகளில் தொலைபேசி அலை விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களில், எடுத்த படங்களை இணையத்தின் வழியே அனுப்பாமல் ஒரு கைபேசியிலிருந்து பக்கத்திலுள்ள மற்றொன்றுக்கு நேரே அனுப்ப மக்கள் முயல்வது இயல்பு. அனுப்புபவரின் திரையில் சுற்றியுள்ள கருவிகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றும். அவற்றுள் பல, உரிமையாளரின் பெயரை அன்றிக் கைபேசி மாதிரியின் பெயரையே கொண்டிருப்பதால், ஒரே மாதிரிக் கைபேசி இருவரிடம் இருந்தால் இரண்டும் ஒரே பெயரோடு நிற்கும். அந்தப் பெயர் ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதன் உண்மைக்கு வேறெவரும் பொறுப்பேற்பதில்லை. திரையில் தெரிவதாலேயே அக்கருவி பக்கத்தில் இருக்கிறது என்றும் கொள்ள முடியாது. கைபேசிகளில் உள்ள புளூடூத் ஏறத்தாழ பத்து மீட்டர் தொலைவுக்கு ஏற்றது என்று கருதப்பட்டாலும், திசைகுவிக்கும் வானலைவாங்கியைக் கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஒரு கைபேசியைத் தொடர்புகொள்ள முடியும் என்பது 2004ஆம் ஆண்டிலேயே செய்து காட்டப்பட்டது. ஆகவே அருகாமை என்பது உடலுக்குத் தெரியும், அலைக்குத் தெரியாது. ஒருவரையொருவர் முன்பு அறியாத இரு கருவிகள், இனி எப்போதும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்கான இரகசியம் ஒன்றை முதன்முதலாக உண்டாக்கிக்கொள்வதே இணைத்தல் எனப்படுகிறது. அந்த முதற்கணத்தில், இது வேறொன்று அன்று, இதுவேதான் என்று சொல்லும் உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதே இங்கு ஆராயப்படுவது. பொறியியல் வினாவாகத் தோன்றினாலும், தத்துவவாதிகளும் துறவிகளும் நெடுங்காலம் போராடிய வினா இது.

கணக்கு இதில் எவ்வளவு தூரம் உதவும் என்பதை முதலில் வரையறுப்பது நல்லது. புளூடூத்தின் தொடக்கப் பதிப்புகளில் இணைப்பின் இரகசியம் முழுவதும் பயனர் தட்டும் சிறிய எண்ணையே நம்பியிருந்தது. பெரும்பாலும் நான்கிலக்கம், அதுவும் பலமுறை 0000 அல்லது 1234. இணைப்பைக் கேட்டுப் பதிவுசெய்தவர் இத்தகைய எண்ணை ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் கண்டுபிடிக்கலாம் என்று 2005இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்து யானிவ் ஷாக்கட், அவிஷாய் வூல் ஆகியோர் நிறுவினார்கள். 2007இல் வெளிவந்த 2.1 பதிப்பு இதைக் கைவிட்டு, 1976இல் வைட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட முறையின் ஒரு வடிவத்தை ஏற்றுக்கொண்டது. இம்முறையில் ஒவ்வொரு கருவியும் ஓர் எண்ணைத் தன்னிடமே மறைத்துவைத்து, அதிலிருந்து கணித்த வேறோர் எண்ணை, பொதுச் சாவி என்ற பெயரில், எவரும் கேட்கும்படி வெளியிடுகிறது. எதிர்முனையின் பொதுச் சாவியோடு தன் மறைவெண்ணைச் சேர்த்து இருபுறமும் கணித்தால் ஒரே விடை கிடைக்கும். பொதுச் சாவிகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த விடையை நடைமுறையில் எட்ட முடியாது. பிறர் காதுபடப் பேசியே இரகசியம் ஒன்றை உண்டாக்க முடியும் என்பது மனித அறிவின் பெரும் சாதனைகளுள் ஒன்று. ஆனால் அந்த இரகசியம் யாருடன் உண்டானது என்பதை இக்கணக்கு சொல்லாது. இரண்டுக்கும் நடுவே ஒருவர் நின்று, இந்தப் பக்கம் அந்தக் கருவியாகவும் அந்தப் பக்கம் இந்தக் கருவியாகவும் நடித்து, இரண்டு தனித்தனி இரகசியங்களை உண்டாக்கிக்கொண்டால், கருவிகள் இரண்டும் பிழையின்றிக் கணித்து, பிழையான ஆளிடம் தம்மை ஒப்படைத்திருக்கும்.

இந்த இடத்தில் இந்தியத் தத்துவப் பள்ளிகள் இரண்டைச் சேர்ந்த மீமாம்சகரும் நையாயிகரும் நிகழ்த்திய பழைய வாதம் மீண்டும் உயிர்பெறுகிறது. குமாரிலர் முதலான மீமாம்சகர், அறிவு தோன்றும்போதே தன்னளவில் ஏற்புடையது, அதைத் தள்ளும் வேறோர் அறிவு வரும்வரை அதை ஐயுற வேண்டியதில்லை என்றார்கள். இக்கொள்கைக்குச் சுவதப் பிராமாண்யம் என்று பெயர். நையாயிகரோ, ஓர் அறிவின் மெய்ம்மையை அதற்குப் புறம்பான வேறொன்றே உறுதிசெய்ய வேண்டும் என்றார்கள்; அது பரதப் பிராமாண்யம். அப்படியானால் உறுதிசெய்ய வந்ததை உறுதிசெய்வது எது, அதை உறுதிசெய்வது எது என்று முடிவின்றிச் செல்லும் அநவத்தைக் குற்றம் நேரும் என்பது மீமாம்சகரின் எதிர்வாதம். இதற்கு நையாயிகர் தந்த விடைகளுள் வலியது, செயலின் பயனைக் கொண்டு அறிவைச் சோதிப்பது: தொலைவில் தெரிவது நீரா கானலா என்பது போய்ப் பருகினால் தெரிந்துவிடும். இணைத்தலில் இந்தச் சோதனை பயன்படாது என்பதே கவலைக்குரிய செய்தி. நடுவில் நிற்பவர் ஒரு பக்கத்துச் செய்தியை மறுபக்கத்துக்கு ஒன்றும் விடாமல் சேர்ப்பிக்கிறார்; படம் போய்ச் சேர்கிறது, பாட்டு ஒலிக்கிறது, விசைப்பலகையில் தட்டியது திரையில் விழுகிறது. தாகம் தீர்ந்த பிறகும் அது கானல்தான். செயல் நிறைவேறியது என்பதை மெய்ம்மைக்குச் சான்றாகக் கொண்டு பழகிய அன்றாட மனத்துக்கு இதைவிடக் கடினமான பாடம் வேறில்லை.

ஆகவே, அந்நியர் பேசும் அதே வழியின் மேல் நின்றுகொண்டு அந்த அந்நியரை உறுதிசெய்ய முடியாது. அவர் புக முடியாத வேறொரு வழி வேண்டும். 1999இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டஜானோவும் ராஸ் ஆண்டர்சனும் அந்த வழி தொடுகையே என்றார்கள். முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக்குஞ்சு முதலில் கண்டதைத் தாயாகக் கொள்ளும் என்ற கொன்ராட் லோரன்ஸின் கண்டறிதலைத் துணைக்கொண்டு, புதிய கருவி தன்னை முதலில் தொட்டு இரகசியச் சாவியைத் தந்ததையே தாயாக ஏற்கட்டும், தாய் ஆணையிட்டால் அந்த உறவு இறந்து, கருவி வேறொருவரிடம் மீண்டும் பிறக்கட்டும் என்று அவர்கள் வகுத்தார்கள். உயிர் நிலைத்திருக்க உடல் மாறுவது இந்திய மறுபிறப்புக் கொள்கை. இங்கே உடல் நிலைத்திருக்க உயிர் மாறுகிறது. 2002இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த டர்க் பால்ஃபான்ஸும் அவருடைய குழுவினரும் இக்கருத்தை விரித்து, அகச்சிவப்பு ஒளியைப் போல இடத்தால் எல்லையுற்ற எந்த வழியும் இதற்கு உதவும் என்றார்கள். ஒரு திரையில் தோன்றும் கட்டக்குறியை மற்றொரு கருவியின் கேமரா படிக்கும் முறை 2005இல் முன்வைக்கப்பட்டது. கணினியில் வாட்ஸ்அப்பைத் திறக்கும்போது கியூஆர் குறியைக் கைபேசியால் படிப்பவர்கள் இன்று அதன் நெருங்கிய உறவையே பயன்படுத்துகிறார்கள். தொடுகை, பார்வை, காதோடு சொல்லும் சொல் ஆகிய இவற்றைச் சைவ மரபு நெடுங்காலமாக அறியும். குரு சீடனைக் கண்ணால் நோக்கித் தருவது நயன தீட்சை, தொட்டுத் தருவது பரிச தீட்சை, மந்திரத்தைச் சொல்லித் தருவது வாசக தீட்சை. அந்த மந்திரம் நூல்களில் அச்சாகியே இருக்கிறது. எழுத்தளவில் அதில் மறைவு ஏதும் இல்லை. இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, இடையில் வேறெவரும் இன்றி அது வந்தது என்பதே தீட்சையில் மறைபொருளாக நிற்கிறது. எல்லோரும் அறியும் பொதுச் சாவிக்கும் இதுவே நிலை.

கைபேசிகள் இரண்டிலும் திரை இருந்தால் இணைத்தலில் நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பொதுச் சாவிகள் பரிமாறப்பட்ட பின், ஒரு கருவி தான் தேர்ந்த தற்செயல் எண் ஒன்றை உடனே வெளியிடாமல், அந்த எண்ணை இனி மாற்ற முடியாதபடி தன்னைக் கட்டும் ஒரு முத்திரையை மட்டும் அனுப்புகிறது. அதைப் பெற்ற பிறகே மற்றது தன் தற்செயல் எண்ணை அனுப்புகிறது. அதன் பின்னர் முதற்கருவி தன் எண்ணை வெளியிட, அது முத்திரையோடு பொருந்துகிறதா என்று எதிர்முனை சரிபார்க்கிறது. இரு பொதுச் சாவிகளையும் இரு தற்செயல் எண்களையும் சேர்த்துக் கணித்த ஆறிலக்க எண் இரண்டு திரைகளிலும் தோன்ற, இரண்டும் ஒன்றா என்று கேள்வி எழுகிறது. விரல் தொடுவதற்காக ஆம் என்றும் இல்லை என்றும் இரு பொத்தான்கள் காத்திருக்கின்றன. நடுவில் ஒருவர் நின்றால் இருபுறமும் வெவ்வேறு பொதுச் சாவிகள் இருக்கும், எண்களும் வேறாகும். மறுபக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முத்திரை அவரை விடாது. அதனால் ஒவ்வொரு முயற்சியிலும் அவர் தப்பும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றுதான். ஆறே இலக்கங்கள் போதுமானவையாவது, சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்க முடியாத நிலையில் இருவரையும் முன்கூட்டியே நிறுத்தியதால்தான் என்பது கருதத்தக்கது.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியார் சுபக்கத்தை இறைவனைப் பற்றிய வாதத்தோடு தொடங்காமல் அளவையோடு தொடங்கினார். பிறர் ஆறு என்றும் பத்து என்றும் எண்ணிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். மணிமேகலை காட்டும் பௌத்த அளவை வாதமோ காண்டலும் கருதலுமாகிய இரண்டையே ஏற்கும். இணைத்தலில் இம்மூன்றும் இருக்கின்றன. கருவி தன் பெயரைச் சொல்வது உரை. சாவியைக் கணிப்பது கருதல். இரு திரைகளிலும் உள்ள எண்ணை நோக்குவது காண்டல். சொல்பவர் நம்பத்தக்கவர் என்று தெரியாதவிடத்து உரை பயன்படாது. கருதலோ தரப்பட்டதிலிருந்து மட்டுமே செல்லும். எஞ்சியது காண்டல். ஆனால் சைவ சித்தாந்தம் இதற்கும் மேலே ஓரடி வைக்கிறது. கண்ணும் மனமும் விளக்கைப் போன்ற துணைகளே; உண்மையில் அளப்பது ஆன்மாவின் அறிவாற்றல், அதாவது சிற்சத்தி. அது பொருளின்மேல் சென்று பொருந்தாவிட்டால் கண் திறந்திருந்தும் காண்டல் நிகழாது. கணினியியலார் பயனர் தலையீடு என்று சுருக்கமாகச் சொல்லிக் கடந்துபோகும் அந்த ஒரு நொடிக்கு, சித்தாந்தத்தின் இந்தக் கூற்றே சரியான விளக்கம் என்று கொள்ள இடமிருக்கிறது. பத்து இலட்சத்தில் ஒன்று என்ற உறுதி முழுவதும், யாரோ ஒருவர் உண்மையாகவே பார்த்தார் என்பதன்மேல் நிற்கிறது.

பார்ப்பது போதுமா, பக்கத்தில் இருந்தே தீர வேண்டுமா என்ற வினாவுக்கு, இலங்கையின் வரலாறே வியக்கத்தக்க விரிவோடு விடை தருகிறது. மாத்தளை நகருக்குச் சற்று வடக்கேயுள்ள அலுவிகாரையில்தான், கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம் எழுத்தில் வடிக்கப்பட்டது என்பது மரபு. போதனை அப்படி ஏட்டில் ஏறி ஏறத்தாழ 18 நூற்றாண்டுகள் சென்றபின், கண்டி இராச்சியத்தில் உபசம்பதா எனப்படும் முழுத் துறவுரிமை பெற்ற பிக்குகளின் வரிசை அற்றுப்போயிருந்தது. நூல்கள் இருந்தன, அவற்றைக் கற்ற வெலிவிட்ட சரணங்கரரைப் போன்ற பேரறிஞர் இருந்தார், சடங்கின் ஒவ்வொரு சொல்லும் ஏட்டில் இருந்தது. இருந்தும், ஏட்டைப் படித்து எவரும் தம்மைத் தாமே முழுப் பிக்கு ஆக்கிக்கொள்ள முடியவில்லை. சியாமிலிருந்து கடிதம் பெற்றும் ஆக்கிக்கொள்ள முடியவில்லை. முன்னர் அனுப்பிய தூதுகள் கைகூடாமல், ஒரு தூது கப்பல் உடைந்து அழிந்த பிறகும் முயற்சி விடப்படவில்லை. இறுதியில், நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆட்சியில், ஒல்லாந்தர் கொடுத்த கப்பலின் உதவியோடு சியாமின் அயுத்தயா நகரிலிருந்து உபாலி தேரரும் பிக்குகளும் நேரில் வந்து சேர்ந்து, 1753இல் கண்டியில் உபசம்பதாவை மீட்டார்கள். உடல்கள் கடல் கடந்து வந்தே தீர வேண்டியிருந்தது.

இந்த வற்புறுத்தலுக்கு விநயம், அதாவது பிக்குகளின் ஒழுங்குநூல், கூறும் நிபந்தனைகள் நுணுக்கமானவை. சடங்கு சீமா எனப்படும் வரையறுத்த எல்லைக்குள் நடக்க வேண்டும். மையநாட்டில் பத்துப் பிக்குகளும், அத்தனை பேர் கிடைக்காத எல்லைப்புற நாடுகளில் விநயம் அறிந்த ஒருவர் உட்பட ஐவரும் கூட வேண்டும். கூடியவர்கள் ஹத்தபாசம் என்னும் கையெட்டும் தூரத்துக்குள், ஏறத்தாழ இரண்டரை முழத்துக்குள், ஒருவரையொருவர் நெருங்கியிருக்க வேண்டும். சீமாவுக்குள் இருந்தும் அந்தத் தூரத்துக்கு வெளியே ஒரு பிக்கு தனித்து நின்றால் செயல் பழுதுபடும். உரிமையற்ற ஒருவர் கூட்டத்துக்குள் அமர்ந்து எண்ணிக்கையை நிறைத்தாலும் பழுதுபடும். முன்மொழிவு ஒருமுறையும் அறிவிப்பு மும்முறையும் ஓதப்பட்ட பின், எதிர்ப்பவர் இருந்தால் பேசலாம் என்ற இடைவெளியில் நிலவும் மௌனமே உடன்பாடு. இங்கே அருகாமை ஒருபோதும் ஊகிக்கப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எல்லை வரையப்பட்டது, தூரம் அளக்கப்பட்டது, உள்ளே இருக்கக் கூடாதவர் இல்லை என்பது உறுதிசெய்யப்பட்டது, அறிந்த கண்களின்முன் எல்லாம் நடந்தது. நடுவில் நிற்பவரை விலக்கும் முழு ஏற்பாடு இது.

அந்த எல்லை எவ்வளவு எளிதில் கெடக்கூடும் என்பதும் இந்நாட்டு வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. 1803இல் பலப்பிட்டியில் மாது ஆற்றின்மேல் அமைத்த நீர்ச் சீமாவில் அமரபுர நிக்காயம் என்னும் பிக்குப் பிரிவு தன் முதல் உபசம்பதாவை நடத்தியது. அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில், கரையிலிருந்து அந்தச் சீமா மண்டபத்துக்கு அமைக்கப்பட்ட பாலம் நீரெல்லையை நிலத்தோடு கலந்துவிட்டது, ஆகவே அங்கு நடந்த உபசம்பதாக்கள் ஐயத்துக்குரியவை என்ற வாதம் எழுந்து, சீமாசங்கர வாதம் என்ற பெயரில் நிக்காயத்தையே பிளந்தது. மரப்பாலம் ஒன்றால் ஒருவரது துறவு செல்லாமற்போகுமா என்று இன்றைய வாசகர் வியக்கலாம். ஆனால் 2011இல் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் கார்களில் காட்டியது இதே பழுதைத்தான். சாவி பையில் இருக்கும்போதே கதவு திறக்கும் கார்கள், சாவியின் அலை எட்டினால் சாவி பக்கத்தில் இருக்கிறது என்று கொள்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும் தெருவில் நிற்கும் காருக்கும் இடையில் அலையை வாங்கி அனுப்பும் இரு கருவிகளைப் பாலமாக வைத்ததும், சோதித்த பத்து மாதிரிகளும் ஏமாந்தன. குறியாக்கத்தில் எந்தப் பிழையும் இல்லை. எல்லை கலங்கியதே பிழை. பொறியாளர்கள் இதற்குக் கண்ட மருந்தும் அளவுகோல்தான். ஒளி ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மட்டுமே செல்லும் என்பதால், கேட்ட கேள்விக்கு விடை திரும்பி வர எடுத்த நேரத்தை அளந்தால், விடை தந்தவர் இந்தத் தூரத்துக்கு அப்பால் இல்லை என்று நிறுவலாம். 1993இல் ஸ்டெஃபான் பிராண்ட்ஸும் டேவிட் சௌமும் வகுத்த இந்த எண்ணம் இன்று சில கைபேசிகளிலும் கார்ச் சாவிகளிலும் இடம்பெறுகிறது. இரண்டரை முழத்தை அளந்த விநயதரர்களுக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

எனினும் அளவுகோல் தூரத்தை மட்டுமே சொல்லும். அந்தத் தூரத்துக்குள் நிற்பவர் யார் என்பதைப் பார்ப்பவரே சொல்ல வேண்டும். பார்ப்பவரின் கவனம் பிழைக்கும்போது என்ன நேரும் என்பதற்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கண்டறிதல் மிகக் கூர்மையான சான்று. புளூடூத்தில் ஆறிலக்க எண் இரு வகையில் பயன்படுகிறது: இரு திரைகளில் தோன்றும் எண்களை ஒப்பிடுவது ஒன்று, ஒரு திரையில் தோன்றும் எண்ணை மற்றொன்றில் தட்டுவது மற்றொன்று. நடுவில் நிற்பவர் ஒரு கருவியோடு முதல் வகையிலும் மற்றக் கருவியோடு இரண்டாம் வகையிலும் பேசி, முதலாவதில் தோன்றிய எண்ணையே இரண்டாவதுக்குரிய எண்ணாக வைத்துக்கொள்கிறார். பயனர் ஒரு திரையில் எண்ணைக் காண்கிறார், மற்றதில் எண் கேட்கப்படுகிறது, கண்டதைத் தட்டுகிறார், முதலாவதில் ஆம் என்று அழுத்துகிறார். எண் பொருந்தியது, அது எதற்குச் சான்று என்பது மட்டும் மாறிவிட்டது. அளவை நூலார் இதைத் திரிபுக் காட்சி என்பார்கள். ஐயம் எழுந்தால் நின்று பார்க்கலாம். திரிபு தன்னைத் திரிபென்று காட்டிக்கொள்வதில்லை.

கருவியின் பார்வையும் இவ்வாறே பிழைபடும். 2018இல் எலி பீஹாமும் லியோர் நொய்மனும் வெளியிட்ட குறைபாட்டில், பொதுச் சாவி இரண்டு ஆயத்தொலைவுகள் கொண்ட புள்ளியாக இருக்க, இணைப்பின்போது சரிபார்க்கப்பட்டது ஓர் ஆயத்தொலைவு மட்டுமே. சரிபார்க்கப்படாத மற்றதை மாற்றி வைத்துச் சாவியைக் கைப்பற்ற முடிந்தது. பாதி கண்டு முழுதும் கண்டதாகச் சொன்ன சாட்சியத்தின் குற்றம் அது. திரையோ பொத்தானோ இல்லாத காதொலிக் கருவி, மின்விளக்கு போன்றவற்றுக்காக, எந்தச் சரிபார்ப்பும் இன்றி இணைத்துவிடும் முறையும் புளூடூத் தரநூலில் உண்டு. நடுவில் நிற்பவரிடமிருந்து காப்பு இல்லை என்று அந்நூலே ஒப்புக்கொள்கிறது. மறுப்பு வரும்வரை நம்பு என்ற மீமாம்சக் கொள்கையின் கருவி வடிவம் என்று இதைச் சொல்லத் தோன்றும். ஆனால் அப்படிச் சொல்வது குமாரிலருக்கு அநீதி. மறுக்கும் அறிவு வந்தால் அதற்குச் செவிகொடுக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. இம்முறையில் மறுப்பு வந்து சேர வழியே வைக்கப்படவில்லை.

முதல் இணைப்பு முடிந்தபின் அடுத்த சந்திப்பில் நிகழ்வது வேறு வகை அறிவு. அந்தத் தேவதத்தனே இவன் என்று அன்று கண்டதையும் இன்று காண்பதையும் ஒன்றாகப் பொருத்தும் அறிவைப் பிரத்தியபிஞ்ஞை என்பார்கள். அதையே வீடுபேற்றின் வழியாகக் கொண்ட காஷ்மீர சைவத்தில், தன்னை இறைவனாக மீண்டும் அறிவதே விடுதலை. மீண்டும் அறிவதற்குப் பொருள் ஒன்று சாட்சியாகலாமா, மறைமொழி வேண்டுமா என்பதைக் கம்பரின் சுந்தர காண்டம் நுட்பமாகக் காட்டுகிறது. துறவி வேடத்தில் வந்தவனால் கவர்ந்து செல்லப்பட்ட சீதை, அசோகவனத்தில் வந்து நிற்கும் குரங்கை ஐயுறுகிறாள். அனுமன் கணையாழியைத் தருகிறான்; அதோடு, இராமனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த செய்திகளையும் சொல்கிறான். மோதிரம் திருட்டுப் போகலாம். இருவர் மட்டும் அறிந்த சொல்லைத் திருடுவது அரிது. திரும்பும்போது சீதையும் சூடாமணியோடு தன் செய்திகளைச் சொல்லி அனுப்புகிறாள். அடையாளம் இருபுறமும் சென்றால்தான் உறவு உறுதிப்படும். இந்த இருபுறத் தன்மையைக் கைவிட்டதால் விளைந்த கேட்டை 2020இல் டானியேலே அன்டோனியோலி, நில்ஸ் திப்பன்ஹாவர், காஸ்பர் ராஸ்முசென் ஆகிய மூவர் வெளியிட்டார்கள். பழைய வகைப் புளூடூத்தில் மறு சந்திப்பின்போது ஒரு பக்கம் மட்டும் தன்னை நிரூபித்தால் போதும் என்றிருந்ததால், முன்பு இணைந்த கருவியின் முகவரியைப் பூண்டு வந்த அந்நியக் கருவி, சாவியை அறியாமலேயே தன்னை அக்கருவியாகக் காட்டிக்கொள்ள முடிந்தது. கேள்வி கேட்கும் இடத்தை அது கைப்பற்றிக்கொண்டது; விடை சொல்லும் கடமை வரவே இல்லை.

இணைப்பை முடிவுக்குக் கொண்டுவருவதில் இன்றைய ஏற்பாடுகள் மிகவும் குறைபட்டு நிற்கின்றன. விநயம் இங்கும் துல்லியமானது. முழுத் துறவில் சேரப் பத்துப் பேரோ ஐவரோ வேண்டும். விட்டு விலக, சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் போதும், அவர் இல்லறத்தாராக இருந்தாலும் சரி. ஆனால் அந்த ஒருவர் கேட்டுப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியாதவரிடம் சொன்ன விலகல் விலகலாகாது. கைபேசியில் ஓர் இணைப்பை நீக்கும்போதோ, எதிர்முனைக்கு அதைச் சொல்வார் எவரும் இல்லை. மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டனுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வேனின் இசைக்கருவியோடு தன் கைபேசியை இணைத்த ஒருவர், இறங்கியபின் தன் பக்கத்தில் அந்த இணைப்பை அழித்துவிட்டாலும், வேனின் கருவியில் அவருடைய கைபேசியின் பெயரும் சாவியும் எஞ்சியிருக்கும். இணைக்கும்போது கேட்ட அனுமதிக்கு ஆம் என்று அழுத்தியிருந்தால் அவருடைய தொடர்பு எண்களின் படியும் அதில் தங்கியிருக்கக்கூடும். அடுத்த பயணி தன் கைபேசியை இணைக்க அதே திரையைத் தொடும்போது, அந்தப் பெயர்கள் வரிசையாக அவர் கண்முன் வரும். திரையுள்ள கருவிகள் சேர்வதற்கு இரு சம்மதங்களைக் கேட்கும் தரநூல், பிரிவையும் இருபுறமும் கேட்டு ஒப்புக்கொள்ளும் செயலாக வகுத்திருக்க வேண்டும். அதுவரை, வேனைவிட்டு இறங்கும் முன் அதன் திரையிலேயே தன் பெயரைத் தேடி அழிப்பதைப் பயணி தானாகவே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.